குழிக்குள் இறங்கும் ரோபோ

இயந்திரம் வந்தால் வேலை போய்விடுமே என்று கவலைப்படுகிறோம். ஆனால் போயே தீர வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்கும் வேலை.

2018-இல் திருவனந்தபுரத்தில் இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' ரோபோ இந்த வேலைக்கு வந்தது. அதன் கை உள்ளே இறங்கும், கேமரா அடைப்பைக் காட்டும், வாளி கசடை அள்ளி மேலே கொண்டுவரும். இயக்குபவர் தெருவில் நின்றபடி திரையைப் பார்த்துக் கையாளலாம். விஷவாயு அவரை நெருங்காது. நம் கும்பகோணத்துக்கும் இது வந்தது.

அந்தத் திரைக்கு முன் யார் நிற்கப்போகிறார்கள்? எனக்கு இதுதான் பெரிய கேள்வி. தலைமுறை தலைமுறையாகக் குழிக்குள் தள்ளப்பட்டவர்களை விட்டுவிட்டு வேறு ஆளை அமர்த்தினால் அது அநியாயம். திருவனந்தபுரத்தில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அதுதான் சரி. மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் மறுவாழ்வை வலியுறுத்துகிறது.

சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எவ்வளவு கொடுத்தாலும் உயிர் திரும்பாது. உங்கள் தெருவில் அடைப்பு ஏற்பட்டால் யாரையும் உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். மாநகராட்சியை அழைத்து, இயந்திரத்தைக் கேளுங்கள்.