காடு எரிந்தால் ஆறும் எரியும்

(பங்கின் ஜூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் திருப்பலியும் கொடியேற்றமும் தேர்பவனியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் லேவியர் நூலில் நாம் வாசிக்கின்ற ஜூபிலி ஆண்டு மனிதனுக்கு மட்டும் உரிய விழா அன்று. நிலத்துக்கும் அது ஓய்வு ஆண்டு. விதைக்காமல், அறுக்காமல், மண் ஆண்டவருடையது என்று ஒப்புக்கொள்ளும் ஆண்டு. ஆகவே நிலத்தையும் காட்டையும் பற்றி இவ்விழாவில் சிந்திப்பது பொருத்தமேயாகும்.

நெசவும் வயலும் ஏரியும் சூழ்ந்த வாலாஜாபாத்தில் காட்டுத்தீயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நமக்கும் காட்டுக்கும் இடையே நிற்கும் உறவு நம் ஆறுதான். நமக்குச் சற்றுத் தொலைவில் திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுகின்றன. அவற்றுள் செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அம்மலையின் வடபுறத்து ஓடைகள் பாலாற்றுக்கும் நீர் கொண்டுவருகின்றன. மலையில் தீ பிடித்தால் அந்த நட்டம் மலையோடு நின்றுவிடாது. ஆற்று வழியே நம்மிடமும் வந்து சேரும்.

தீ எப்படிப் பிறக்கின்றது?

நம் நாட்டில் காட்டுத்தீயின் காலம் பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. மரங்கள் இலை உதிர்த்து, புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும் நாட்கள் அவை. மரங்கள் உரசித் தீப்பற்றுகின்றது என்று சிறுவயதில் கேட்டிருக்கிறோம். உண்மையில் பெரும்பாலான தீ மனிதன் வைத்ததே. அணைக்காமல் எறிந்த பீடி, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், சமைத்துவிட்டு அப்படியே விட்டுவந்த அடுப்பு, ஆடு மாடுகளுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு ஆகியவையே காரணங்கள். இந்தியாவின் காட்டுப் பரப்பில் 36 விழுக்காட்டுக்கும் மேலான பகுதி அடிக்கடி தீக்கு ஆளாகக்கூடியது என்று இந்திய வன அளவைத் துறை 2019-இல் அறிவித்தது.

சமவெளியில் மெல்ல நகரும் தீ மலைச்சரிவில் ஏறும்போது பாய்கின்றது. சுவாலை மேல்நோக்கிச் சாய்ந்து, தனக்கு முன்னுள்ள புல்லைச் சூடாக்கிக் காயவைத்துக்கொண்டே போவதுதான் காரணம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மலையேறச் சென்ற இளைஞர்களும் பெண்களும் இத்தகைய தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஓடத் தெரிந்த மனிதனுக்கே இந்தக் கதி என்றால், ஓட முடியாத உயிர்களின் கதி என்ன?

தப்புவோரும் தப்பாதோரும்

யானையும் காட்டெருமையும் மானும் புகையை முகர்ந்ததும் அகன்றுவிடுகின்றன. கரிச்சான் போன்ற பறவைகள் தீயின் ஓரத்திலேயே காத்திருந்து, தப்பிப் பறக்கும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கின்றன. ஆனால் காட்டுக்கோழி தரையில் முட்டையிடும் காலமும் இந்தக் கோடைதான். தாய் பறந்துவிடலாம், முட்டை பறக்குமா? ஆமையும் நத்தையும் ஆயிரங்கால் பூச்சியும் சருகுக்கடியில் வாழ்பவை. அவற்றுக்கு வீடே விறகாகிவிடுகின்றது. தப்பிய மானுக்கும் சிலநாள் மேய்ச்சல் இல்லை. அது தீனி தேடி ஊரோரம் வருகின்றது. அங்கே நாயும் வலையும் காத்திருக்கின்றன.

மரங்களிலும் இந்த வேறுபாடு உண்டு. தேக்கும் வேங்கையும் வளர்ந்தபின் தடித்த பட்டையால் தரைத்தீயைத் தாங்குகின்றன. ஜவ்வாது மலையில் வளரும் மரங்களுள் ஒன்றான சந்தனத்துக்கு அந்த வலு இல்லை; அது தீயில் எளிதாகச் செத்துப்போகின்றது. அதுமட்டுமன்று. சந்தனம் தன் வேரை அக்கம்பக்கத்துச் செடிகளின் வேரோடு பிணைத்துச் சத்தை வாங்கிக்கொள்ளும் மரம். அந்தச் செடிகள் எரிந்தால் தப்பிய சந்தனமும் மெலியும். தறியில் பாவு ஓர் இழை அறுந்தால் நெசவாளர் கையை நிறுத்தி முடிபோட்டுவிட்டுத்தான் அடுத்த ஊடையைச் செலுத்துகின்றார். ஆண்டுதோறும் எரியும் காட்டில் முடிபோட நேரமே கிடைப்பதில்லை. நாற்று தலையெடுக்கும், அடுத்த கோடையில் அதுவும் கருகும். பெரிய மரங்கள் நிற்பதால் காடு இருப்பதாகவே தோன்றும். அவை முதுமையில் விழும்போது இடத்தை நிரப்ப இளமரம் இராது.

இனி மண்ணைப் பார்ப்போம். சருகு மழைத்துளியின் அடியைத் தாங்கும் மெத்தை. அது எரிந்தபின் முதல் கோடைமழை நேராக மண்ணை அடிக்கின்றது. சாம்பலும் மேல்மண்ணும் கரைந்து ஓடைக்குப் போகின்றன. நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகின்றது. ஆகவே மழைநாளில் கலங்கல் வெள்ளம், மழை நின்றதும் காய்ந்த ஊற்று. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதற்கு மலைத்தீ மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அளவின்றி மணல் அள்ளியதும் நீரை உறிஞ்சியதும் பெரிய காரணங்கள். ஆனால் நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் மலைக்காடும் கெட்டால் ஆற்றுக்கு வேறு துணை ஏது?

தீ எப்போதும் பகையா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. எரிந்த புல்வெளி மழைக்குப்பின் பசுமையாகத் துளிர்க்கின்றது. மானினங்கள் அங்கே கூடுகின்றன. சில நாடுகளில் தீயின் சூடு பட்டால்தான் வெடித்து விதை சிந்தும் காய்களும் உண்டு. சத்தியமங்கலம் காட்டை அடுத்த பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் என்னும் பழங்குடியினர், கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு தீ வைக்கும் வழக்கம் கொண்டிருந்தார்கள். சருகு சேருமுன் எரிவதால் தீ முழங்கால் உயரம் தாண்டாது. 1974-இல் அம்மலை சரணாலயமானபின் அவ்வழக்கம் நின்றது. பின்னர் உண்ணிச்செடி புதராய் மண்டியது, நெல்லிமரங்களில் புல்லுருவி பெருகியது என்று அம்மக்கள் கூறுகின்றார்கள். ஆராய்ச்சியாளர்களும் அதைக் கேட்டு ஆராய்ந்து எழுதியுள்ளார்கள்.

அந்த உண்ணிச்செடி வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காக வந்தது. மான் அதைத் தின்னாது. காய்ந்தால் நன்றாக எரியும். எரிந்தாலும் மீண்டும் முதலில் துளிர்ப்பது அதுவே. 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் தீ பரவியபோது 10,000 ஏக்கருக்கும் மேலான காடு எரிந்தது. இத்தகைய புதர்கள் அங்கே தீக்குத் தீனியாயின. ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடைத்தீயில் ஏறத்தாழ 300 கோடி உயிரினங்கள் மடிந்தோ இடம்பெயர்ந்தோ போயின என்று மதிப்பிட்டார்கள். தீக்குப் பழகிய காடுகள் நிறைந்த நாடு அது. வெப்பமும் வறட்சியும் மிகுந்தபோது அக்காடுகளாலும் தாங்க முடியவில்லை. ஆகவே தீ எந்தக் காலத்தில், எவ்வளவு அடிக்கடி, எவர் கையால் வருகின்றது என்பதே கேள்வி.

நம் விசுவாசம் சொல்வது

இறைவாக்கினர் யோவேல் தீயைப் பற்றிப் புலம்பும்போது மனிதரை மட்டும் எண்ணவில்லை. மேய்ச்சல் நிலம் எரிந்து, நீரோடை வற்றி, காட்டு விலங்குகளும் ஆண்டவரை நோக்கி ஏங்குவதாக அவர் காண்கின்றார். சிறு பொறி பெருங்காட்டை எரிப்பதை யாக்கோபு தம் திருமுகத்தில் நாவின் கேட்டுக்கு உவமையாக்கினார். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் நெருப்பைச் சகோதரன் என்று அழைத்தார். சகோதரனைச் சகோதரனாக நடத்த வேண்டும், எங்கும் அவிழ்த்துவிடலாகாது. அப்புனிதரை 1979-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் படைப்பின் பராமரிப்பு பற்றித் திருமடலே எழுதினார்.

காட்டுத்தீயின் காலமும் நம் தவக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. திருநீற்றுப் புதனன்று நாம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் வாரங்களில்தான் மலைகள் சாம்பலாகின்றன. எனவே நம் தவமுயற்சிகளில் சிலவற்றை இதற்கென ஒதுக்குவோம். ஏரிக்கரைக் கோரையையும் வரப்புப் புல்லையும் கொளுத்தும் பழக்கத்தை விடுவோம். கவுதாரியும் காடையும் ஆமையும் அங்கே குடியிருக்கின்றன. குப்பையைத் தெருவில் எரிக்காமல் மக்குவதை எருவாக்குவோம். கோடையில் மலைத்திருத்தலங்களுக்குச் செல்லும் நம் குழுக்கள் காட்டோரம் அடுப்பு மூட்டாதிருக்கட்டும். வன அலுவலரின் அனுமதியின்றி இளைஞர்கள் மலையேறாதிருக்கட்டும். புகை கண்டால் தீயணைப்பு நிலையத்துக்கு 101-இல் சொல்ல நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.

பாஸ்கா திருவிழிப்பின் இரவில் ஆலயத்துக்கு வெளியே புதுத்தீ மூட்டுகின்றோம். அதிலிருந்து ஒரு திரியில் ஒளியை எடுத்து, கைமாறிக் கைமாறி, கவனமாக ஆலயத்துக்குள் கொண்டுசெல்கின்றோம். நெருப்பைக் கையாளும் முறையைத் திருச்சபை நமக்கு ஆண்டுதோறும் கற்றுத் தருகின்றது. ஜூபிலி கொண்டாடும் நம் பங்கு அதைக் காட்டிடமும் வயலிடமும் ஏரியிடமும் காட்டட்டும். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் அடுத்த ஜூபிலியைக் கொண்டாடும் நாளில் திருமுக்கூடலில் மூன்று ஆறுகளும் தெளிந்த நீரோடு கூடட்டும்.

ஆண்டவர் நம் அனைவரையும், அவர் படைத்த அனைத்தையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.