ஐந்து வளையக் கொடியும் எங்கள் பிள்ளைகளும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விளையாட்டுக் குழுவின் சார்பில் சில வார்த்தை பேசச் சொன்னார்கள். ஓட்டம், பாய்ச்சல் பற்றியல்ல, அதற்கு முன்னர் நடக்கும் அணிநடையைப் பற்றித்தான் பேசப்போறன்.

ஊரில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால், யார் கொடி பிடிக்கிறது என்பதற்கே ஒரு கிழமை சண்டை நடக்கும். ஒலிம்பிக்கிலும் கொடி பிடிப்பது பெரிய மரியாதை. தொடக்க விழாவில் கிரேக்கம் முதலில் வரும், நடத்தும் நாடு கடைசியில் வரும். இடையில் மற்ற நாடுகள் தங்கள் தங்கள் கொடியோடு வரும். நாட்டை விட்டு ஓடி வந்தவன் எந்த வரிசையில் நிற்பது?

2016 ஆகஸ்ட் 5ஆம் திகதி ரியோ நகரில் இதற்கு ஒரு பதில் கிடைத்தது. பிரேசில் அணிக்குச் சற்று முன்னர் பத்துப்பேர் வந்தார்கள். தென்சூடானியர் ஐவர், சிரியர் இருவர், கொங்கோ நாட்டவர் இருவர், எத்தியோப்பியர் ஒருவர். அதுதான் ஒலிம்பிக்கின் முதலாவது அகதிகள் அணி. ஐந்து வளையங்கள் கொண்ட ஒலிம்பிக் கொடியைப் பிடித்து வந்தவர் ரோஸ் நத்திக்கே என்ற ஓட்ட வீராங்கனை. தென்சூடானிலிருந்து சிறுமியாக ஓடி, கென்யாவின் ககுமா முகாமில் வளர்ந்தவர். 800 மீற்றர் ஓட்டத்தில் அவர் முதல் சுற்றோடு நின்றுவிட்டார். ஆனாலும் அன்று அரங்கமே எழுந்து கைதட்டியது.

அந்தப் பத்துப்பேரில் ஒருவர் யுஸ்ரா மர்டினி. அவரின் கதை ஜேர்மனியில் இருக்கிற எங்களுக்குக் கிட்டின கதை. 2015இல் துருக்கியிலிருந்து கிரேக்கத் தீவுக்கு வரும்போது படகின் இயந்திரம் நின்றுவிட்டது. அவரும் அக்காவும் இன்னும் சிலரும் கடலில் குதித்து மணித்தியாலக்கணக்கில் நீந்திப் படகைக் கரை சேர்த்தார்கள். பிறகு பேர்லினில் நீச்சல் பயிற்சி. எங்களில் எத்தனைபேர் 80களில் கிழக்கு பேர்லின் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தோம்! ரோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது அகதிகள் அணியின் கொடியைப் பிடித்த இருவரில் யுஸ்ராவும் ஒருவர். அங்கே அந்த அணி கிரேக்கத்துக்கு அடுத்ததாக, இரண்டாவதாக வந்தது. 2024இல் பரிசில் 37 பேர் பங்குபற்றினார்கள். அவர்களின் கொடியைப் பிடித்த இருவரில் ஒருவரான சிண்டி ங்காம்பா குத்துச்சண்டையில் வெண்கலம் வென்றார். அகதிகள் அணியின் முதல் பதக்கம் அது.

இதை ஏன் இங்கே சொல்லுறன்? எங்கட பிள்ளையள் சிலர் பள்ளிக்கூடத்தில், "அப்பா அம்மா வேலைக்கு வந்தவை" என்று சொல்லுகினம். 'அகதி' என்ற சொல் அவர்களுக்கு வெட்கமாக இருக்கு. பிள்ளைகளில் பிழை இல்லை. வீட்டில் நாங்களே அந்தச் சொல்லைத் தாழ்ந்த குரலில்தானே சொல்லுறம்?

1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கம் எடுத்துக் கொடுத்தவர் ஒரு தமிழர், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஒரு நாட்டுக்குத் தங்கம் தேடிக் கொடுத்த சமூகம் கால் நூற்றாண்டு கழிந்து அகதியாக நின்றது என்றால், அதில் வெட்கப்பட வேண்டியது நாங்களா? துரத்தியவர்களா?

அந்தப் பத்துப்பேரும் 'அகதி' என்ற பெயரை மறைக்கவில்லை. உலகம் முழுவதும் பார்க்க, அந்தப் பெயரோடுதான் சிரித்துக்கொண்டு நடந்தார்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நீங்கள் எப்படி வந்தீர்கள், எந்த எல்லையில் எத்தனை இரவு நின்றீர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ. படிப்புக் கெடும் என்று பயந்து அவர்களை மைதானத்துக்கு விடாமல் வைக்காதேங்கோ. நாளைக்கு அவர்கள் எந்த நாட்டின் சீருடையில் ஓடினாலும் ஓடட்டும். எங்கேயிருந்து வந்தோம் என்பதைத் தலைநிமிர்ந்து சொல்லத் தெரிந்தால் போதும்.

இந்தக் கோடை விளையாட்டுப் போட்டிக்கு இந்நகரில் வாழும் சிரிய, எரித்திரிய, ஆப்கான் குடும்பங்களையும் அழைப்போம். அணிநடையில் அவர்களின் பிள்ளைகளும் எங்கட பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கட்டும்.