அசிசிக் குன்றின் இரட்டை ஆலயம்



இத்தாலி நாட்டின் நடுவே, உம்ப்ரியா மாநிலத்தில், சுபாசியோ மலைச்சரிவில் அமைந்த சிற்றூர் அசிசி. அவ்வூரின் மேற்குக் கோடியிலுள்ள குன்றுக்கு ஒரு காலத்தில் 'நரகக் குன்று' என்று பெயர். 1228 ஜூலை 17ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி அங்கே ஓர் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு முதல்நாள்தான், மறைந்து ஈராண்டும் நிரம்பாத பிரான்சிஸ் என்னும் துறவியைப் புனிதர் என அவர் அறிவித்திருந்தார். நரகக் குன்று பின்னர் 'சொர்க்கக் குன்று' ஆயிற்று.

துணி வணிகரின் மகனாகப் பிறந்து, உடுத்த ஆடையையும் தந்தையிடமே திருப்பித் தந்துவிட்டு வெளியேறியவர் பிரான்சிஸ். தம் வழி வந்தோர் பொன்னையும் பொருளையும் தீண்டலாகாது என்றவர். அவருக்கா இத்துணைப் பெரிய மாளிகை? இவ்வினா இன்று எழுந்ததன்று. கட்டடப் பணியை நடத்திய எலியாஸ், காணிக்கை திரட்டப் பளிங்குக் கலம் ஒன்றை வைத்தார் என்றும், பிரான்சிசின் உற்ற தோழர் லியோ அதனை உடைத்தெறிந்து அடிபட்டார் என்றும் மரபுச் செய்தி உண்டு. கலத்தை உடைத்த அந்த லியோவும் இன்று அதே ஆலயத்தின் நிலவறையில், பிரான்சிசின் கல்லறைக்கு அருகிலேயே துயில்கிறார். வரலாறு சில வேளைகளில் நகையாடவும் செய்யும்!

ஆலயம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. கீழாலயம் தாழ்ந்த வளைவுகளும் அரையிருளும் கொண்டது; சிமோனே மார்த்தினி, பியத்ரோ லொரன்செத்தி ஆகியோரின் ஓவியங்கள் அங்குள்ளன. மேலாலயம் கோதிக் பாணியில் உயர்ந்தோங்கியது. ஆயினும் பிரான்சு நாட்டுக் கோதிக் ஆலயங்களைப் போல இங்கே சுவர் கரைந்து கண்ணாடியாகிவிடவில்லை. சாளரங்களுக்குக் கீழே அகன்ற சுவர் எஞ்சி நின்றது. எழுதுவார்க்கு ஏடு கிடைத்தாற்போல ஓவியர்க்கு அச்சுவர் கிடைத்தது.

அதில் பிரான்சிசின் வாழ்வு 28 காட்சிகளாக விரிகிறது. தீட்டியவர் ஜோத்தோ என்பது நெடுநாள் வழக்கு. இல்லை என்பாரும் உளர். அவ்வழக்கு தீராவிடினும் ஓவியத்துக்கு இழப்பில்லை. ஆடை துறக்கும் காட்சியைக் காண்க. ஒருபுறம் மகனின் உடைகளைக் கையில் ஏந்திச் சினந்து நிற்கும் தந்தை. பாய முற்படும் அவர் கையை ஒருவர் பற்றியிருக்கிறார். மறுபுறம் ஆடையற்ற இளைஞன். ஆயர் தம் மேலாடையால் அவனை மறைக்கிறார். இருவருக்கும் இடையே வெறும் நீலம். அந்த இடைவெளி பேசும் அளவுக்கு அங்குள்ள முகங்கள்கூடப் பேசவில்லை.

சிமபுவே தீட்டிய சிலுவைக் காட்சி வேறொரு விதியைச் சந்தித்தது. அவர் கையாண்ட ஈயவெள்ளை காலப்போக்கில் கறுத்துவிட்டது. ஒளிர வேண்டிய இடங்களெல்லாம் இருண்டு, நிழற்பட நெகடிவ் போல அது நிற்கிறது. காண்போர் தம் மனத்துள் அதனை மீண்டும் வெளுத்துக்கொள்ள வேண்டும்.

1997 செப்டம்பர் 26ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் நிலம் நடுங்கியது. சேதத்தைப் பார்வையிட முற்பகலில் உள்ளே சென்றிருந்தவர்கள்மீது, இரண்டாம் நடுக்கத்தில் மேற்கூரை வளைவுகளின் பகுதிகள் இடிந்து வீழ்ந்தன. துறவியர் இருவரும் வல்லுநர் இருவருமாக நால்வர் மாண்டனர். நூற்றாண்டுகளாகக் கூரைப் பணிகளின்போது வளைவுகளின்மேல் தங்கிவிட்ட இடிபாட்டுக் குப்பையின் பளுவும் வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என ஆய்ந்தோர் கண்டனர். சிமபுவே தீட்டிய தூய மத்தேயு தூளாகிக் கிடந்தார்.

ஏறத்தாழ மூன்று லட்சம் துண்டுகள் பொறுக்கி எடுக்கப்பட்டன. விரல்நுனியளவே உள்ளவை பல. பழைய நிழற்படங்களை மூல அளவுக்குப் பெருக்கி, அவற்றோடு ஒப்பிட்டுத் தன்னார்வத் தொண்டரும் வல்லுநரும் பொருத்தினர். 1999 நவம்பரில் மேலாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. மத்தேயுவின் எஞ்சிய துண்டுகள் 2006இல்தான் கூரை ஏறின.

கிடைக்காத பகுதிகளை என்செய்வது? புதிதாய்த் தீட்டி முழுமையாக்கியிருக்கலாம். வருவோர்க்கு வேறுபாடு தெரிந்திராது. அவர்கள் அதனைச் செய்யவில்லை. பெரிய இழப்புகளை அமைதியான பூச்சோடு விட்டுவிட்டனர். நிரப்பிய சிற்றிடங்களையும் அருகில் நோக்குவார் கண்டுகொள்ளலாம். பழைய மத்தேயுவைக் கண்டவர்க்கு இது மனநிறைவு தாராதுதான். ஆனால் சிமபுவே தீட்டாத ஒரு கோட்டை அவர் பெயரில் ஏற்றாதது நேர்மை. பாடபேதம் அறிந்தோர்க்கு, சிதைந்த ஏட்டில் புள்ளியிட்டு விடும் பதிப்பாசிரியரின் நேர்மையோடு இதனை ஒப்பிடத் தோன்றும்.

கவிஞர் கூடியுள்ள இம்மன்றத்தில் மற்றொன்றும் சொல்லத்தகும். பிரான்சிஸ் கவிஞர். கதிரவனை உடன்பிறந்தானாகவும் நிலவை உடன்பிறந்தாளாகவும் சாவைக்கூடத் தமக்கையாகவும் விளித்து, இலத்தீனை விடுத்து உம்ப்ரியப் பேச்சுமொழியில் அவர் பாடிய பாடல், இத்தாலிய இலக்கியத்தின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று. அப்பாடலின் மிகப் பழைய ஏடு ஆலயத்தை ஒட்டிய மடத்து நூலகத்தில் உள்ளது. அதனைப் படியெடுத்தவர் சொற்களுக்கு மேலே இசைக்குறிப்புக்கென இடம் விட்டிருக்கிறார். குறிகள் எழுதப்படவேயில்லை, அவ்விடம் வெறுமையாகவே இருக்கிறது.