ஆய்வேடும் கட்டற்ற மென்பொருளும்



கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கரையோர வீதியில் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் ஒலுவில் வரும். அங்கே 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டிலேயே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். எம் பாடசாலைகளில் உயர்தரம் கற்ற பிள்ளைகள் பலர் அங்கு பயில்கின்றனர். ஆய்வேடு எழுதும் கடமை வரும்பொழுது அவர்கள் எக்கருவியைக் கைக்கொள்வது நன்று என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவி ஒருவர் கண் கலங்க வந்து நின்றார். வீட்டுக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய ஆய்வேட்டை அச்சிடுமிடத்திலே திறந்தபோது, தமிழ் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாய்த் தோன்றியதாம். “சேர், நான் எழுதியதெல்லாம் எங்கே போய்விட்டது?” என்று கேட்டார். “எங்கும் போகவில்லை, மகள், உடை மாறி நிற்கிறது” என்றேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி நினைவில் வைப்பது ஆங்கில எழுத்தின் எண்ணையே. எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழும் இல்லை. யுனிக்கோட்டிலோ தமிழ் எழுத்துக்களுக்குத் தமக்கெனக் குறியெண்கள் உண்டு. ஆதலின் முதலாவது விதி: யுனிக்கோட்டில் எழுதுக.

இரண்டாவது, மென்பொருள். லிப்ரே ஒபிஸ் என்பது எவரும் விலையின்றிப் பெறவும், பகிரவும், திருத்தவும் உரிமையுள்ள தொகுதி. 2000ஆம் ஆண்டில் மூலநிரல் வெளியிடப்பட்ட ஓப்பின் ஒபிஸ் என்பதிலிருந்து, 2010இல் தன்னார்வலர்கள் பிரித்தெடுத்து வளர்த்தது இது. இதன் கோப்பு வடிவம் 2006இலேயே சர்வதேச நியமமாக ஏற்கப்பட்டது. எனவே இன்று எழுதியதை நாளை வேறொரு மென்பொருளும் வாசிக்க இயலும்.

மருதமுனை நெசவாளர் பாவை ஒழுங்காக விரித்த பின்னரே ஊடையைச் செலுத்துகின்றனர். ஆய்வேட்டின் பாவு, பாணிகள் எனப்படும் வடிவ அமைப்புகளே. அத்தியாயத் தலைப்புக்கு முதல்நிலைப் பாணியும் உட்தலைப்புக்கு இரண்டாம்நிலைப் பாணியும் இட்டுவிட்டால், பொருளடக்கத்தை மென்பொருளே தொகுத்துத் தரும். இடையிலே நான்கு பக்கங்கள் சேர்ந்தாலும், புதுப்பிக்கும் கட்டளை ஒன்றே பக்க எண்களைச் சீர்செய்யும். அடிக்குறிப்புகள் தாமே எண் மாறும். ஸொட்டேரோ எனும் மற்றோர் இலவச மென்பொருளை இணைத்தால் உசாத்துணைப் பட்டியலும் அவ்வாறே அமையும்.

அறபு மேற்கோள் எடுத்தாளும் மாணவருக்கு ஒரு குறிப்பு. லிப்ரே ஒபிஸ் தமிழையும் அறபையும் ‘சிக்கலான எழுத்துக்கள்’ என்னும் ஒரே வகையில் அடக்குகிறது. ஆகவே அறபுக்கெனத் தனியான எழுத்துப் பாணி ஒன்றை அமைத்துக்கொள்ளல் வேண்டும். தனிப் பந்தியாக வரும் மேற்கோளாயின், பந்தியின் திசையை வலமிருந்து இடமாக மாற்றுதல் வேண்டும்.

குறையும் உண்டு. மேற்பார்வையாளர் வேறு மென்பொருளின் வடிவில் கோரினால் அவ்வாறே சேமித்து அனுப்பலாம்; எனினும் அட்டவணைகளும் பக்க அமைப்பும் சற்றே பிறழக்கூடும். ஆகையால் அனுப்புமுன் ஒருமுறை சரிபார்த்தல் அவசியம். இறுதிப் பிரதியைப் பீ.டி.எஃப். வடிவில் அச்சுக்குக் கொடுப்பது பாதுகாப்பானது.

முடிவாக, என் தவறொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். நீண்ட காலம் எம் பாடசாலைக் கணினி அறையில் விலை கொடாது பிரதி செய்த மென்பொருளே இருந்தது. பரீட்சையில் அடுத்தவர் விடையைப் பார்த்தெழுதலாகாது என்று காலைக் கூட்டத்தில் உபதேசித்துவிட்டு, அதே பிள்ளைகளை அக்கணினிகளின் முன் அமர்த்தினேன். பிறருடைய கருத்தைப் பெயர் சுட்டி எடுத்தாள்வதே ஆய்வின் முதல் அறமாகும். அவ்வறத்தைப் போதிக்கும் நூல், களவாடிய கருவியால் எழுதப்படுதல் தகுமா? பணமில்லை என்பது அன்று எமக்கு நியாயமாகப்பட்டது. பணமின்றியே நேர்வழி திறந்திருக்கும் இந்நாளில் அந்நியாயம் செல்லாது.

அந்த மாணவியின் ஆய்வேடு உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. எழுத்துருவை மாற்றிப் பிழை திருத்த அவருக்கு இரண்டு இரவுகள் சென்றன. நேயர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு அவ்விரவுகள் வேண்டாம். முதற்பக்கத்திலேயே பாவை விரிக்கச் சொல்லுங்கள்.