பாட்டோடு பேரும் வேண்டும்



போடியில் ஏலக்காய் ஏலத்துக்கு வருகிறது. சரக்குக்கு எண் உண்டு, விலை உண்டு. மலையில் குனிந்து காயெடுத்த அக்காவின் பெயர் இல்லை. பாட்டுக்கும் இதே கதி வரலாமா?

1958-இல் மேலே தேவிகுளம் இடைத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடினார். கூட்டம் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டது. அவரை மறைக்க வழியில்லை.

இன்று பாட்டு கைபேசியில் வருகிறது. யார் முகத்தைக் காட்டுவது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். அறிவு சினிமாவை மட்டும் நம்பியிருக்கவில்லை. 2019-இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2021-இல் அவர் எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுற்றியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவர் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதில் இருக்கிறது. அந்தப் பாட்டைக் கொண்டாடிய ஓர் இசை இதழின் அட்டையிலோ அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், பலரும் கேட்டார்கள். அதன்பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது.

கேட்டதால்தான் கிடைத்தது. பாட்டுக் கட்டும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஒலிப்பதிவுக்கு முன்பே எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், தயாரித்தவர் யார் யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நம் வலியைப் பாடினால் மட்டும் போதாது. அந்தப் பாட்டின் கணக்கும் நம் கையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.