கடைசி வயலுக்கும் நீர் பாய வேண்டும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தேர்தல் மேடைகளில் இடம்பெறும் பொருள் அன்று. அறிவிலும் பேச்சிலும் உடல் இயக்கத்திலும் வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளைப் பற்றியும், அவர்களுக்காக ஊதியம் கருதாது உழைக்கும் நிறுவனங்களைப் பற்றியும் சில சொல்ல விரும்புகின்றோம். இவர்களுக்கு ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை, சங்கம் இல்லை. ஆகவே இவர்கள் சார்பில் வாய் திறக்க வேண்டிய கடமை நம்முடையதாகின்றது.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் ஓய்ந்தபோது வன்னி மக்கள் வவுனியா மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். மீண்டு வந்த இடத்தில் வீடு இல்லை; கிணறு தூர்ந்திருந்தது; வயலில் மிதிவெடி இருந்தது. கையிழந்தோரும் காலிழந்தோரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களது துயர் கண்ணுக்குத் தெரிந்தது. உலகமும் ஓரளவு இரங்கியது. செயற்கைக் கால் கிடைத்தது, சக்கர நாற்காலி கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது போதும் என்று நாம் கூறவில்லை. ஆனால், ஐந்து வயதாகியும் அம்மா என்று அழைக்காத பிள்ளைக்கு எந்தக் காலைப் பொருத்துவது? பத்து வயதாகியும் தன் கையால் உண்ண இயலாத மகளுக்கு எந்த நாற்காலி போதும்? அப்பிள்ளைகளின் துயர் படலைக்கு உள்ளேயே தங்கிவிட்டது.

சிலர் இதனை முன்வினைப் பயன் என்பர். சிலர் பேயின் சேட்டை என்பர். சிலர் தாயின் மீது பழி போடுவர். இவை யாவும் பொய். டவுன் சிண்ட்ரோம் எனப்படும் நிலைக்குக் காரணம், 21ஆம் நிறமூர்த்தம் இரண்டாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாக இருப்பதே என்பதை 1959இல் பிரெஞ்சு நாட்டு ஆராய்ச்சியாளர் லெஜேன் வெளியிட்டார். இதில் தாய் செய்த குற்றம் யாது? மூளைவாதம் என்பது, வளர்ந்துவரும் மூளை பிறப்பதற்கு முன்னரோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ ஊறுபடுவதால் வருவது. பிறந்த குழந்தையின் காமாலை கடுமையாகிக் கவனிப்பாரற்று விடப்பட்டால் அதுவும் மூளையைத் தாக்கும். கருவுற்ற தாயின் உடலில் அயடீன் மிகவும் குறைந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சி குன்றும். அதனாலன்றோ இந்நாட்டில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது! ஓட்டிசம் என்பதும் வளர்ப்பின் பிழையால் வருவதன்று. சிலவற்றைத் தடுக்கலாம், சிலவற்றைத் தடுக்க இயலாது. ஆயினும், எந்த நிலையிலும் காலத்தோடு பயிற்சி அளித்தால் குழந்தை முன்னேறும்.

பயிற்சி என்பது என்ன? மந்திரம் அன்று. சட்டைப் பொத்தானைப் பூட்டுதல், கரண்டி பிடித்தல், மலசலகூடத்துக்குத் தானே செல்லுதல், படத்தைக் காட்டித் தன் தேவையைத் தெரிவித்தல், பத்து ரூபாயையும் நூறு ரூபாயையும் வேறுபிரித்து அறிதல் ஆகியவையே அது. நமக்கு இவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால், மகன் தானாக உடுத்திக்கொண்ட அன்றே தாய் நிம்மதியாகக் கூலி வேலைக்குப் போக முடியும். ஒரு பொத்தானில் ஒரு குடும்பத்தின் சோறு தொங்குகின்றது என்பது மிகையன்று.

இத்தொண்டைச் செய்வோர் நம்மிடையே இல்லாமல் இல்லை. 2004இல் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் திரு. ஆறு. திருமுருகன் அவர்களின் முயற்சியால் சிவபூமி சிறுவர் மனவிருத்திப் பாடசாலை தோன்றியது. பின்னர் அதே பணி கிளிநொச்சியிலும் வேர்கொண்டது. கிளரீசியன் சபைக் குருமார் போருக்குப் பின்னர் வரோட் என்னும் நிறுவனத்தின் வழியாக வன்னியில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பணி புரிகின்றனர். வள்ளிபுனம் இனிய வாழ்வு இல்லம் செவிப்புலனும் கட்பார்வையும் குன்றிய பிள்ளைகளுக்கு நிழலாக நின்றது. சைவர் கட்டியதும் உண்டு, கிறித்தவர் கட்டியதும் உண்டு. பிள்ளையின் பசிக்குச் சமயம் இல்லை.

கடலுக்கு அப்பால் ஓர் எடுத்துக்காட்டையும் நோக்குவோம். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி நம் ஊர்களைப் போன்ற உழவர் ஊர். கடற்படைத் தேர்வின்போது வீழ்ந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த இராமகிருஷ்ணன் என்னும் இளைஞர், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அச்சங்கம் பிள்ளைகள் தன் வாசலுக்கு வரட்டும் என்று காத்திராமல், ஊரவர்க்கே பயிற்சி அளித்து அவர்களை வீடு வீடாக அனுப்புகின்றது. படுக்கையில் கிடந்த ஒருவரால் இது இயலுமாயின், இரு கையும் இரு காலும் உடைய நம்மால் இயலாதா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தவர் என்ற காரணத்தால் ஒருவருக்குப் பள்ளி அனுமதியிலோ வேலையிலோ பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிசெய்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உடையோருள் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனும் ஒருவகை இயலாமை உடையோர். தொகை ஏறத்தாழ 16 இலட்சம். சட்டம் கொழும்பில் இருக்கின்றது. பிள்ளை துணுக்காயில் இருக்கின்றது. இடையிலுள்ள வழியை யார் அமைப்பது?

ஆகவே நான்கு கோரிக்கைகளை இச்சபையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, காலத்தோடு கண்டறிதல். நான்கு மாதமாகியும் தலை நிற்காத குழந்தை, ஒன்பது மாதமாகியும் இருக்காத குழந்தை, ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தை ஆகியோரைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். “வளர வளரச் சரியாகும்” என்று காலத்தைக் கடத்தாதீர்கள். பருவம் தவறி விதைத்தவன் நிலை நீங்கள் அறியாததன்று.

இரண்டாவது, போக்குவரத்து. ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளிலிருந்து நாள்தோறும் முச்சக்கர வண்டி பிடித்துப் பள்ளிக்கு வரக் கூலித் தொழிலாளியால் இயலுமா? வாகனம் இல்லாத பள்ளி, வாய்க்கால் இல்லாத குளம். கமக்காரர் அமைப்புகள் காலபோக அறுவடையில் வயலுக்கு ஒரு மரக்கால் நெல் ஒதுக்கினால், ஊருக்கு ஒரு வண்டி ஓடும்.

மூன்றாவது, ஆசிரியர். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. ஆனால், மாகாணக் கல்வி நிருவாகம் முடிவுறவில்லை. விசேட கல்வியில் தேர்ந்த ஆசிரியர்களும், இயன்மருத்துவரும், பேச்சுப் பயிற்சியாளரும் இம்மூன்று மாவட்டங்களுக்கும் போதியளவு நியமிக்கப்பட வேண்டும். தருமப் பணத்தால் கட்டடம் எழுப்பலாம். தலைமுறை தலைமுறையாகச் சம்பளம் கொடுக்க அரசால்தான் இயலும். இங்குள்ள மருத்துவரும் சட்டத்தரணியும் கணக்காளரும் மாதத்தில் ஒரு நாளை இந்நிறுவனங்களுக்கு அளிப்பார்களாக.

நான்காவதே மிகக் கடினமானது. பதினெட்டு வயதுக்குப் பின் என்ன? தாய் தந்தையர் கண்மூடிய பின் யார்? இக்கேள்விதான் பெற்றோரை இரவில் உறங்கவிடாது செய்கின்றது. “எனக்கு முன்னே என் பிள்ளையைக் கொண்டுபோ” என்று தெய்வத்திடம் ஒரு தாய் வேண்டும் நிலை எந்தச் சமுதாயத்துக்கும் இழுக்கு. வன்னியில் நிலம் உண்டு. நாற்றுமேடையும் கோழிப்பண்ணையும் வீட்டுத்தோட்டமும் அமைத்து, வளர்ந்தோர் தம்மால் இயன்ற தொழிலைச் செய்து, காவலோடும் கண்ணியத்தோடும் வாழும் இடம் மாவட்டத்துக்கு ஒன்றாவது அமைய வேண்டும். அதற்குக் காணி கேட்பது பிச்சை அன்று, உரிமை.

உரிமை என்னும் சொல்லைத் தமிழினம் பல பத்தாண்டுகளாக உச்சரித்து வருகின்றது. எண்ணிக்கையில் சிறியோர், குரல் எடுபடாதோர் என்ற காரணத்தால் எவரும் ஒதுக்கப்படலாகாது என்பதன்றோ நமது வாதம்? அந்த வாதம் நமது படலையோடு நின்றுவிடலாமா? இரணைமடு நிரம்பி வான் பாய்ந்தால் மட்டும் போதாது. கடைசி வயலுக்கும் நீர் சென்றால்தான் குளத்துக்குப் பெருமை. நமது விடுதலை வேட்கையின் கடைசி வயல் இக்குழந்தைகளே. அங்கே நீர் பாயச் செய்வோமாக!