வீட்டுத் தொட்டியில் மீன்குஞ்சு வளர்ப்பு

(கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில், மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே ஆற்றிய சொற்பொழிவு)



கறவை மாடும் கோழியும் வளர்த்துப் பழகிய கைகள் உங்களுடையவை. அக்கைகளுக்கு ஏற்ற மற்றொரு சிறு தொழிலைப் பற்றி இன்று பேச வந்துள்ளோம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஏஞ்சல் மீனை இனம் பெருக்கி, குஞ்சுகளை வளர்த்து விற்பதே அத்தொழில். திண்ணையளவு இடமும், நாள்தோறும் ஒரு மணி நேர உழைப்பும், நிறையப் பொறுமையும் இதற்குத் தேவை.

ஏஞ்சல் மீன் தென் அமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் பகுதிக்கு உரியது. அது சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் 1,600க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் இந்தியாவில் இயற்கையாக வாழ்பவை மூன்றுதான். மலையாளத்தார் கரிமீன் என்று போற்றுவது அவற்றுள் ஒன்று. கேரள அரசு 2010ஆம் ஆண்டில் அதைத் தன் மாநில மீனாக அறிவித்தது. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டதும் தம் வழியே சென்றுவிடும். சிக்லிட் மீன்களோ முட்டையையும் குஞ்சையும் காத்து நிற்கும். இக்குணத்தை அறிந்து நடப்பதே இத்தொழிலின் அடிப்படை.

முதலில் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் உப்புக் குறைந்த மென்னீராதலால் ஏஞ்சல் மீனுக்கு மிகவும் ஏற்றது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் மீன் வாழ்ந்தாலும், முட்டை பொரிப்பது குறையும். மழைநீரைக் கலந்தால் குணம் கூடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும். தண்ணீரின் வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம். மார்கழி விடியற்காலையில் சிறு வெப்பக் கருவி தேவைப்படும்.

ஆண் பெண் அடையாளம் காண்பது எளிதன்று. ஆகவே ஆறு அல்லது எட்டு இளம் மீன்களை ஒன்றாக வளர்த்து வாருங்கள். ஓராண்டுக்குள் அவை தாமே இணை சேரும். ஒரு மூலையில் இரண்டு மீன்கள் சேர்ந்து நின்று மற்றவற்றை விரட்டினால், அந்த இணையைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டடி நீளமும் ஒன்றரையடி உயரமும் உள்ள தொட்டி போதும். பிள்ளைகள் எழுதும் கற்பலகையொன்றைச் சட்டத்தை நீக்கிச் சாய்த்து வையுங்கள். இணை அதை வாயால் தேய்த்துச் சுத்தம் செய்து, வரிசையாக முட்டையிடும். ஓரீட்டில் 300 முட்டைகள் இருத்தல் அரிதன்று.

முதல் ஈட்டைப் பெற்றோரே தின்றுவிடுவதுண்டு. எம் தொட்டியிலும் அவ்வாறே நேர்ந்தது. மூன்றாம் முறையே குஞ்சுகளைக் கண்டோம். இளம் இணைக்கும் பழக்கம் வேண்டும். அருகில் கூச்சலும் நடமாட்டமும் இருந்தால் அவை அஞ்சி முட்டையைத் தின்னும். ஆதலால் தொட்டியின் மூன்று பக்கங்களைத் தாளால் மறையுங்கள்.

இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் பலகையிலேயே ஒட்டிக்கொண்டு நெளியும். அப்போது உணவிட வேண்டா. வயிற்றிலுள்ள கருவே அவற்றுக்கு உணவு. சுமார் ஒரு வாரத்தில் அவை எழுந்து நீந்தும். அன்று முதல் உணவிடத் தவறினால் குஞ்சுகள் மடியும். ஆர்ட்டீமியா என்னும் உப்பு நீர்ச் சிற்றுயிரே அவற்றுக்குச் சிறந்த உணவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைத் தூவி, காற்றுக் குழாய் விட்டால் ஒரு நாளிலோ ஒன்றரை நாளிலோ பொரியும். அவ்வுயிர்களை மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிதளவே இடுங்கள். அடியில் தங்கும் கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, கால் பங்குத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். அக்கழிவு நீர் தென்னைக்கும் கீரைப் பாத்திக்கும் நல்ல உரம். ஆனால் குஞ்சு கலந்திராதவாறு வடிகட்டியே ஊற்றுங்கள்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். முட்டையைப் பிரித்தெடுத்தால் அதே இணை இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் முட்டையிடும். ஓரீட்டில் பாதி பிழைத்தாலும் 150 குஞ்சுகள். ஆறு மாதத்தில் எட்டு ஈடு என்றால் 1,200 குஞ்சுகள்! இவற்றை எங்கே விடுவது?

இக்கேள்வி எமக்கும் வந்தது. மிஞ்சிய குஞ்சுகளை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு ஊர்க் குளத்துக்குச் சென்றோம். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இதையும் இங்கயே உடப்போறீங்களா?" என்று கேட்டார். பிறகு தம் கூடையைத் திறந்து காட்டினார். அன்றைய பிடி முழுவதும் ஜிலேபி மீன். கெளுத்தியும் விராலும் கெண்டையும் நிறைந்திருந்த குளம் அது என்றார். நாம் பாத்திரத்துடன் திரும்பினோம்.

ஜிலேபியும் சிக்லிட் குடும்பமே. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பகுதிக்கு உரியது. உணவுப் பற்றாக்குறை நிலவிய 1952ஆம் ஆண்டில், நன்னோக்குடனேயே அது நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு இரண்டு மூன்று மாதங்களிலேயே தானும் இனம் பெருக்கத் தொடங்கும். இதன் பரவலைக் கண்ட இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு, 1959ஆம் ஆண்டிலேயே இதை மேலும் பரப்புவதற்குத் தடை விதித்தது. ஆனால் அதற்குள் மீன் குளத்தில் இறங்கிவிட்டது. இன்று உக்கடம் பெரியகுளத்திலும் சிங்காநல்லூர்க் குளத்திலும் அதைக் காணலாம். ஏழைக்கு அது மலிவான உணவாயிற்று என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் தொட்டியில் நாம் போற்றும் அதே தாய்மைக் குணமே குளத்தில் பிற மீன்களின் இடத்தைப் பறித்தது என்பதை மறத்தலாகாது.

ஏஞ்சல் மீனும் அவ்வாறு பரவுமா என்று நீங்கள் கேட்கலாம். பரவும் என்று நாம் கூறவில்லை. பரவிவிட்டால் திரும்ப எடுக்க இயலாது என்பதையே கூறுகிறோம். நம் குளங்கள் நொய்யலோடு தொடர்புடையவை. நொய்யலோ காவிரியில் சேர்கிறது. இங்கே கவிழ்த்த பாத்திரம் ஓர் ஊரோடு நின்றுவிடாது.

ஆகவே சகோதரிகளே, குஞ்சு பொரிக்குமுன் அதை வாங்குபவர் யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோவையிலுள்ள அலங்கார மீன் கடைகளிலும், சென்னை கொளத்தூர்ச் சந்தையிலும் விலை விசாரியுங்கள். வாங்குவோர் குறைந்தால் இணையைப் பிரித்து வையுங்கள். மிஞ்சிய குஞ்சுகளைப் பள்ளிக்கூடத் தொட்டிக்கோ, குழுவிலுள்ள மற்றொருவருக்கோ அளியுங்கள். குளத்திலும் வாய்க்காலிலும் கிணற்றிலும் ஒரு குஞ்சையேனும் விடுவதில்லை என்று உங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் முதல் தீர்மானமாக எழுதுங்கள்.

தொட்டி நம் வீட்டுக்குரியது, குளமோ ஊருக்குரியது. இந்த வேறுபாட்டை உணர்ந்து செய்யும் தொழில் வீட்டுக்கு வருவாயையும் ஊருக்கு நலத்தையும் ஒருங்கே தரும்.